நீ ஒதுக்கிவைத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் சாப்பிடு. கத்தரிக்காய்க் குழம்பு ஆறினால் உனக்குப் பிடிக்காது. சாப்பிட்டுக் கையைக் கழுவி, உன் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஆறுதலாக இதை வாசி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு சாப்பாட்டுப் பைக்குள் கடிதம் வைக்கிற தாயை நீ எங்கேயும் கண்டிருக்கமாட்டாய். சிரிப்பு வந்தால் சிரி. எனக்கு இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. மூன்று தரம் தொடங்கினேன். ஒரு தரம் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றேன், நீ "என்னம்மா?" என்று கேட்டாய், நான் "சீனி காணுமோ?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இந்த வயதில் எனக்கே வெட்கமாக இருந்தது.

நாளைக்கு, வியாழக்கிழமை, விரிவுரையாளர் வேலையை விடுகிறேன் என்ற கடிதத்தை உன் துறைத் தலைவரிடம் கொடுக்கப் போகிறாய். சனிக்கிழமை விமானம். ஒரு வருடம் உன் பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் இருந்து கலாநிதிப் படிப்பை முடிக்கப் போகிறாய். லீவில் போய்விட்டுத் திரும்பி வரலாம் என்று கம்பஸில் சொல்லியிருக்கிறார்கள். நீதான் மாட்டேன் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் அப்பாவிடம் சொன்னது குசினிக்குள் நின்ற எனக்குக் கேட்டது. "ஒண்டை விட்டாத்தான் மற்றது உருப்படும் அப்பா. பதிவிலயே பிழை விட்டவன் நான். பிள்ளையளுக்கு எந்த முகத்தோட அளவெடுக்கப் படிப்பிக்கிறது?" அரிசி களைந்துகொண்டு நின்றேன். கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பிழை உன்னுடையது இல்லை, தம்பி. என்னுடையது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் எனக்கு நேரே விஷயத்துக்கு வரத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். சந்தைக்குப் போன கதையைச் சொல்வதென்றாலும் எங்கள் வாசல் படலையில் இருந்துதான் தொடங்குவேன். கொஞ்சம் பொறு.

நீ படிப்பிக்கிறதை நான் எத்தனை நாள் ஏசியிருக்கிறேன்! உன் ஆராய்ச்சியின் பெயரை இன்றைக்கும் ஒரே மூச்சில் சொல்லமாட்டேன்: உயிர்மருத்துவப் பாய்ம இயக்கவியல். உடம்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது, எங்கே ஒடுங்குகிறது, ஒடுங்கினால் அதன் சத்தம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிற படிப்பு என்று ஊரில் கேட்பவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நாலு வருடமாக அதையும் செய்கிறாய், கம்பஸில் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கும் படிப்பிக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை என்றால் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் பிள்ளைகளின் செய்முறைக் கொப்பிகள், மற்றப் பக்கம் உன் கொம்பியூட்டர், நடுவில் என் சோற்றுக் கோப்பை வைக்க இடம் இராது. போன் அடிக்கும். "சேர், அந்தப் பம்புக் கணக்கு வருகுதில்லை" என்று ஒரு பிள்ளை கேட்கும். நீ எழும்பிப் பலா மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்துவாய். எனக்குப் பத்திக்கொண்டு வரும். "ஊர்ப் பிள்ளையளின்ர கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தா உன்ர புத்தகத்தை ஆர் எழுதுறது? உனக்கென்ன விசரோ?" என்று கத்துவேன். அப்பா கதிரையில் இருந்து தலையைத் தூக்காமலே, "விடுமப்பா, அவன் சந்தோசமாத்தானே நிக்கிறான்" என்பார். அவர் அப்படித்தான். வயலுக்குள் மாடு இறங்கினாலும் விடும் என்பார்.

இந்த ஏச்சு புதிதில்லை. சண்டை முடிந்து நாங்கள் வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்த புதிதில், கூரைக்குத் தகரமும் சுவருக்குத் தறப்பாளுமாக இருந்த வீட்டில், நீ கம்பஸ் எடுக்க ஏ.எல் சோதனைக்குப் படித்தாய். பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை என்று பக்கத்து வளவுப் பிள்ளைகள் பின்னேரத்தில் உன்னிடம் வந்தார்கள். நீ ஒரு பழைய கதவைக் கரியால் பூசிக் கரும்பலகை ஆக்கினாய். முதல் தரம் உனக்கு எஞ்சினியரிங் கிடைக்கவில்லை. கொஞ்சத்தில் தவறிப்போனது. அந்தக் கோபத்தில் அடுத்த நாளே படலைக்குப் போய் நின்று, "அண்ணா படிக்கவேணும், இனி வராதேங்கோ" என்று அந்தப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒரு சின்னப் பெட்டை கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம். இரண்டாம் தரம் நீ தனியே இருந்து விடிய எழும்பி நெட்டுருப் போட்டாய். முதல் தரம் எடுத்ததைவிடக் குறைவாகத்தான் வந்தது. நீ என்னோடு சண்டை பிடிக்கவில்லை. "சொல்லிக் குடுக்கேக்கதான் அம்மா எனக்கு விளங்குறது. தனிய இருந்தா விளங்கின மாதிரி இருக்கு, அவ்வளவுதான்" என்றாய். பிறகு கதவைத் திரும்பவும் வெளியே எடுத்து வைத்தாய். மூன்றாம் தரம் எடுபட்டாய். அவ்வளவு தெளிவாகக் கண்ணால் கண்டும் எனக்குப் புத்தி வரவில்லை. பத்து வருடத்துக்குப் பிறகு அதே படலையில் நின்று அதே கதையைத்தான் கதைத்தேன்.

பிறகு என் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியது. என்றைக்கோ ஒரு நாள் இரத்தம் சுத்திகரிக்கிற மெஷினுக்குப் போகவேண்டி வரும், அதற்கு முன்னமே கையை ஆயத்தப்படுத்தி வைக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே வெட்டி, நாடியை நாளத்தோடு பொருத்தித் தைத்தார்கள். நான் பயத்தில் ஒன்றும் விளங்காமல் படுத்திருந்தபோது நீதான் கட்டில் ஓரத்தில் இருந்து சொன்னாய்: "நாடியில வேகமா வாற இரத்தம் இனி இந்த நாளத்துக்குள்ள திரும்பும் அம்மா. நாளம் மெல்ல மெல்லப் பெருத்துத் தடிக்கும். மெஷினுக்கு ஊசி போட அப்பத்தான் தோதா இருக்கும். அதுவரைக்கும் இது ஓடிக்கொண்டே இருக்கவேணும். அடைபட்டுதெண்டா மற்றக் கையைத்தான் வெட்டவேணும்." என் விரலைப் பிடித்துத் தையலுக்குப் பக்கத்தில் வைத்தாய். தோலுக்குக் கீழே பூனை குறுகுறுப்பது போல ஒரு அதிர்வு. முழங்கை வரைக்கும் அது போனது. "இது கேட்கிற வரைக்கும் பயமில்லை" என்றாய். அன்றிலிருந்து காலையில் கண் முழித்தால் சாமியைக் கும்பிட முதல் அந்தக் கையைக் காதில் வைத்துப் பார்ப்பேன்.

நீ விட்டாயா? குசினிச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பட்டியல் ஒட்டினாய். இடது கையில் மணிக்கூடு வேண்டாம், வளையல் வேண்டாம், பாரம் தூக்கவேண்டாம், பிரஷர் பார்க்க விடவேண்டாம், அந்தக் கையில் தலை வைத்துப் படுக்கவேண்டாம். என்னிடம் ஒரு கடுதாசியில் கையெழுத்தும் வாங்கினாய். உன் ஆராய்ச்சிக்குக் கை கொடுக்க எனக்குச் சம்மதமாம். அதில் என் பெயர்கூட இல்லை. "ஆய்வுக்கு உட்படுபவர், இலக்கம் ஒன்று." பெற்றெடுத்த தாய்க்கு இலக்கம் போட்ட பிள்ளை நீ! ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு, ஒரு சின்ன மைக்கைத் தையல் தழும்பின் மேல் ஒட்டி, "அசையாதேங்கோ, கதையாதேங்கோ" என்பாய். கதைக்காமல் இருப்பது எனக்குச் சிறுநீரக வருத்தத்தைவிடக் கரைச்சல். ஆனாலும் இருந்தேன். கொம்பியூட்டருக்குள்ளால் என் இரத்தம் ஓடுகிற சத்தம் வரும், மழை விடாமல் தகரத்தில் பெய்வது போல. வெளியே சொல்லவில்லையே தவிர, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இனி என் பிழைக்கு வருகிறேன். ஐப்பசியில் கேதாரகௌரி விரதம் வந்தது. கலியாணம் செய்த வருடத்தில் இருந்து பிடிக்கிற விரதம். டொக்டரிடம் கேட்டு, அவர் சொன்னபடி சாப்பிட்டுக்கொண்டுதான் பிடித்தேன், அதில் களவு இல்லை. இந்த முறை நேர்த்தி உன் கலாநிதிப் படிப்புக்கு. அது இழுபடாமல் முடியவேண்டும் என்று இருபத்தொரு நாளும் அம்மனைக் கேட்டேன். கடைசி நாள் கோயிலில் ஐயர் விரத நூல் கட்ட வந்தார். உன் பட்டியல் ஞாபகம் வந்து வலது கையை நீட்டினேன். ஐயர் நிமிர்ந்து பார்க்காமலே, "பொம்பிளையள் இடது கை அம்மா" என்றார். பின்னால் ஊர் முழுக்க வரிசையில் நிற்கிறது. என் வருத்தத்தை அத்தனை பேருக்கு முன்னால் விளக்கிக்கொண்டு நிற்க எனக்கு மனமில்லை. அதைவிட இன்னொன்றும் நெஞ்சுக்குள் குத்தியது: கை மாறிக் கட்டி, அந்தக் குறையால் உன் படிப்புத் தவறிப்போனால்? மணிக்கூடு வேண்டாம், வளையல் வேண்டாம் என்றுதானே எழுதியிருக்கிறான், நூல் என்று எழுதவில்லையே என்று எனக்கு நானே வக்கீலாகி வாதாடி, இடது கையை நீட்டினேன். ஐயர் தளர்வாகத்தான் கட்டினார். மணிக்கட்டில் அது பாட்டுக்குக் கிடந்தது. அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் நடந்திராது.

ஆனால் அடுத்த ஞாயிறு நீ மைக்கோடு வருவாயே. கண்டால் அவ்வளவுதான், நீ கத்தரிக்கோலோடு நிற்பாய். அடுத்த விரதம் வரைக்கும் கழற்றாத நூலை வெட்ட விடுவேனா? அதனால் நூலை மேலே தள்ளினேன். தழும்பைத் தாண்டி, முன்கை சதை பிடிக்கிற இடம் வரைக்கும் தள்ளி, அப்பாவின் நீளக்கைச் சேட்டைப் போட்டுக்கொண்டேன். மணிக்கட்டுக்குத் தளர்வான நூல் அங்கே இறுகிப் பதிந்துவிட்டது. மழைக்குளிர் என்று சொன்னேன், நீ நம்பினாய். அம்மா ஏன் புதிதாகச் சேட்டுப் போடுகிறாள் என்று உனக்குத் தோன்றவில்லை. சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்திருந்தால் கண்டிருப்பாய். நீ தழும்பில் மைக்கை ஒட்டிவிட்டுக் கொம்பியூட்டரைத்தான் பார்த்தாய். அந்த அளவுக்கு அது உன் பிழையும்தான், முழுக்க என் தலையில் போடமாட்டேன்.

முதல் ஞாயிறு மழைச் சத்தம் வரவில்லை. கதவில் தட்டுவது போல டொக், டொக் என்று வந்தது. நீ நெற்றியைச் சுருக்கினாய். இரண்டாம் ஞாயிறு மைக்கை மாற்றினாய். மூன்றாம் ஞாயிறு வயரை மாற்றினாய், பதிவு செய்கிற பெட்டியை மாற்றினாய், கடைசியில் முகம் வெளிறிப்போய், "வாற வெள்ளி ஸ்கான் எடுக்கிற டொக்டர் வருவார், கட்டாயம் போறம் அம்மா" என்றாய். எனக்கும் தெரியாமலா இருந்தது? காலையில் கையைக் காதில் வைத்தால் முழங்கைப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தவர்களுக்குத்தான் இப்படி விதம்விதமாகக் காரணம் வரும்.

அந்தக் கிழமைதான், ஸ்கானுக்கு முதல், நான் உன் வகுப்புக்கு வந்தது. அதற்கு முன்னம் நீ கேட்டபோதெல்லாம், "என்ர கை என்ன கார்னிவல் சாமானோ, பிள்ளையள் வந்து பாக்க?" என்று ஏசியவள், அன்றைக்கு உடனே ஓம் என்றேன். மனதுக்குள் குற்றம் இருந்தால் மனிசர் எதற்கும் ஓம் என்பார்கள். அப்பா மோட்டச்சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு உழவு மெஷின்காரனைப் பிடிக்கப் போய்விட்டார். நான் முன் கதிரையில் இருந்தேன். தம்பி, அன்றைக்குத்தான் நீ படிப்பிக்கிறதை முதன்முதலாகப் பார்த்தேன். வீட்டில் ஒரு கேள்விக்கு ஒரு சொல் பதில் சொல்கிற நீ, அங்கே கையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக் கதைத்தாய். குழாய் நடுவில் ஒடுங்கினால் என்ன நடக்கும் என்று கேட்டாய். ஒரு பெடியன் எழும்பி ஏதோ பிழையாகச் சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "உது நல்ல பிழை. ஏன் அப்பிடி நினைச்சனி எண்டதைச் சொல்லு, எல்லாருக்கும் பிரயோசனம்" என்றாய். அந்தப் பெடியன் சொல்லிக்கொண்டு போகப் போகத் தானே சரியான மறுமொழிக்கு வந்து நின்றான். கரி பூசிய கதவும் படலையில் நின்ற பெட்டையும் ஞாபகத்துக்கு வந்தன. எவ்வளவு பெரிய பாவத்தை ஒரு பின்னேரத்தில் செய்திருக்கிறேன் என்று அங்கே இருந்துதான் நினைத்தேன்.

"அம்மாவைக் கேட்டிட்டுத் தொடுங்கோ" என்று சொல்லி, தழும்பில் விரல் வைத்துப் பார்க்கப் பிள்ளைகளை வரிசையில் விட்டாய். ஒவ்வொருவராக "தொடட்டே அம்மா?" என்று கேட்டுத் தொட்டார்கள். கடைசியாக வந்தவள் நிரோஜினி. உடையார்கட்டில் இருந்து வந்து விடுதியில் நின்று படிக்கிற, கண்ணாடி போட்ட மெலிந்த பிள்ளை. நீ அந்த நேரம் யாரோ கூப்பிட்டு வெளியே போயிருந்தாய். அவள் மற்றவர்கள் போலத் தொட்டுவிட்டுப் போகவில்லை. விரலை எடுக்காமல் நின்றாள். பிறகு சட்டைக் கைக்கு மேலாலேயே முழங்கைப் பக்கம் மற்றக் கையை வைத்தாள்.

"அம்மா, கீழ குத்துது. மேல ஒண்டும் ஓடேல்லை. சேர் இப்பதானே சொன்னவர், நடுவில என்னவோ நெரிக்குது" என்றாள்.

"மெல்லக் கதை பிள்ளை!" என்று அவள் கையைத் தட்டிவிட்டேன். அவளோ என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை. "நூல் ஒண்டு கட்டினனான்" என்றேன். பாத்றூமுக்கு வழி காட்டச் சொல்வது போல அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். சட்டைக் கையை மடித்ததும் அவள், "ஐயோ அம்மா!" என்றாள். நூல் தோலுக்குள் பதிந்து, அதற்குக் கீழே நாளம் புடைத்துக்கொண்டு நின்றது. "வெட்டாத பிள்ளை, விரத நூல்" என்றேன். "வெட்டேல்லை அம்மா. வெட்டினா சேருக்கு அளவு இல்லாமல் போயிடும்" என்றாள். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. சவர்க்காரத்தைக் கரைத்துக் கை முழுக்கப் பூசி, இறுகின வளையலைக் கழற்றுகிற மாதிரி மெல்ல மெல்ல இறக்கி, முடிச்சு அவிழாமல் எடுத்தாள். நூல் கையை விட்டு வந்ததும் என் முழங்கைப் பக்கம் பிடித்திருந்த அவளுடைய விரலுக்கும் என் விரலுக்கும் ஒரே நேரத்தில் அது கேட்டது. பூனை திரும்பி வந்துவிட்டது. "வந்திட்டுது அம்மா, வந்திட்டுது!" என்று அவள் குதித்தாள். நான் அந்தக் கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சேரிடம் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் கேட்டேன். "நான் சொல்லமாட்டன். ஆனா நீங்க சொல்லவேணும்" என்றாள். நூலைக் கொப்பியில் கிழித்த ஒற்றையில் சுற்றி என் கையில் தந்தாள். வீட்டுக்கு வந்து சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஸ்கான். டொக்டர் பார்த்துவிட்டு, "ஒரு ஒடுக்கமும் இல்லை, நல்லா ஓடுது. ஏன் தம்பி சும்மா பயந்தனீர்?" என்று உன்னைக் கேட்டார். நீ சந்தோசப்பட்டாய், ஆனால் வீட்டுக்கு வந்ததும் கொம்பியூட்டரைத் திறந்து அந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டாய். நல்ல கையை உன் பதிவு பழுது என்று காட்டியிருக்கிறது, அப்படியென்றால் நீ அளந்த விதமே சரியில்லை என்று நினைத்தாய். உன் பேராசிரியரும் கொம்பியூட்டரில் வந்து, இவ்வளவு வகுப்பு எடுத்துக்கொண்டு கவனமாக அளக்க முடியாது என்றார். அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளையும் எடுத்து, "பிழை" என்று பெயர் போட்டு ஒரு பக்கத்தில் வைத்துவிட்டாய். எல்லாம் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. உன் ஏச்சுக்குப் பயந்து மட்டுமில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்: படிப்பிக்கிறதை விடப்போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்குள்ளே ஒருத்தி சந்தோசப்பட்டாள். நேர்த்தி பலித்துவிட்டது, இனிப் பிள்ளை கெதியாகப் படித்து முடிப்பான் என்று நினைத்தாள். உன் படிப்பு முடியவேண்டும் என்று கட்டிய நூலே உன் படிப்பைக் குழப்பியிருக்கிறது, அதை மறைத்த வாயால் நான் அம்மனுக்கு நன்றியும் சொன்னேன். எனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பார்.

போன கிழமை உன் பிள்ளைகள் வழியனுப்ப வீட்டுக்கு வந்தார்களே, அப்போது நிரோஜினி கோப்பை கழுவுகிற சாட்டில் குசினிக்குள் வந்தாள். "சொல்லிட்டீங்களோ அம்மா?" என்றாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசி மனம் ஆறியிருப்பேன். "சேர் போனா, எங்களுக்கு இனி 'நல்ல பிழை' எண்டு ஆரம்மா சொல்லுறது?" என்று கேட்டுவிட்டுக் கோப்பையைத் துடைத்து வைத்தாள். அது வந்து நெஞ்சில் நின்றுவிட்டது. பிறகு ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவிடம் சொன்னதையும் கேட்டேன். இனியும் பேசாமல் இருந்தால் நான் தாயில்லை.

ஆகவே கேள், தம்பி. உன் கருவி பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அந்த மூன்று ஞாயிறும் அது "நெரிக்குது, நெரிக்குது" என்று கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நாலு வருடமாக நீ எதைக் கண்டுபிடிக்கப் பாடுபட்டாயோ, அதை உன் பதிவு பிடித்திருக்கிறது. நீ பிழை என்று ஒதுக்கினதுதான் உன் புத்தகத்திலேயே சரியான பக்கம். அந்தச் சத்தத்துக்குக் காரணத்தைக் கண்டது யார்? நீ படிப்பித்த பிள்ளை. பத்து நிமிஷத்துக்கு முன்னம் உன் வாயால் கேட்டதை விரல் நுனியில் வைத்துக்கொண்டு வந்து கண்டுபிடித்தாள். நீ ஆராய்ச்சியை மட்டும் செய்துகொண்டிருந்தால் நான் அந்த வகுப்புக்கு வந்திருக்கமாட்டேன். வகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் அவளுக்கு அந்தக் கையில் தேட ஒன்றும் இருந்திராது. இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு திரிந்தாயே, அதனால்தான் என் இடது கை இன்றைக்கு ஓடுகிறது. விசரோ என்று கேட்டவள் சொல்கிறேன்.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் தாய், சொல்லாமல் விடமாட்டேன். எந்த நாட்டில், யாருடைய கையில் மைக் வைத்தாலும் முதலில் சட்டைக் கையை மடித்துப் பார். பார்த்துக்கொண்டு இரண்டு கதை கதை. வருத்தக்காரர் மறைப்பார்கள், தம்பி. பொல்லாத்தனத்தில் இல்லை, பயத்திலும் பாசத்திலும் மறைப்பார்கள். குசினிப் பட்டியலிலும் நூல் என்று ஒரு வரி சேர்த்துவிடு, எங்களைப் போன்ற பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். நான் போன வெள்ளி வெட்கத்தை விட்டு ஐயரிடம் போய் எல்லாம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்து, "வலது கையில கட்டச் சொல்லியிருந்தா அண்டைக்கே கட்டியிருப்பனே அம்மா!" என்றார். ஒரு வாய்ச்சொல்! அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் இவ்வளவு பாடும்.

என்னைப் பற்றி யோசியாதே. அப்பா நெல்லு வெட்டு முடியும் வரைக்கும் வயலில் நிற்பார், ஆனால் கிளினிக் நாளுக்கு மோட்டச்சைக்கிள் வாசலில் நிற்கும். மெஷினுக்குப் போகிற நாள் வந்தால் போவேன், கை ஆயத்தமாக இருக்கிறது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நீ மைக்கைப் பழக்கிக் கொடுத்தால் ஞாயிறு நாலு மணிக்குத் தான் வந்து பதிவு செய்து அனுப்புவதாக நிரோஜினி சொல்கிறாள். சட்டைக் கையை மடித்துத்தான் பதிவாம், இப்போதே கட்டளை போட்டுவிட்டாள். எனக்கும் ஒரு கதைப்பேச்சுத் துணை. உண்மையைச் சொன்னால், கனகாலத்துக்குப் பிறகு மனம் நிறைந்துதான் இருக்கிறேன். இந்தக் கடிதம் ஒன்றுதான் பாக்கியாகக் கிடந்தது. இதை உன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்றால் வாசி. எனக்கு வெட்கமில்லை. நிரோஜினியின் பெயரை மட்டும் சத்தமாக வாசி.

வேலையை விடுகிற கடிதத்தைக் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. ஒரு தரம் படலையில் நின்று உன் பாதையை மறித்தவள், இன்னொரு தரம் மறிக்கமாட்டேன். நடந்தது தெரியாமல் கொடுத்துவிடாதே, அவ்வளவுதான். இந்த உறைக்குள் கொப்பி ஒற்றையில் சுற்றிய ஒரு பொட்டலம் இருக்கிறது. குளத்தில் விடவேண்டிய நூல். உனக்காக விடாமல் வைத்திருக்கிறேன், அம்மன் பொறுப்பாள். முடிச்சு அவிழவில்லை. என் கையில் எவ்வளவு இறுக்கமாக இருந்ததோ அந்த அளவு அப்படியே இருக்கிறது. அளந்து, அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பக்கத்தில் எழுது.

இப்படிக்கு,
ஆய்வுக்கு உட்பட்டவர், இலக்கம் ஒன்று,
உன் அம்மா